நாடு மாறிய வால்வு



போன மாத உரையாடலுக்குப் பிறகு ஒரு தாயார் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அவருடைய மகன் அமெச்சூர் வானொலிப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்துவிட்டானாம். இப்போது வீட்டிலேயே ஒரு பெருக்கி கட்ட ஆசைப்படுகிறானாம். "எந்த வால்வு வாங்குவது, அதை எப்படிப் பாதுகாப்பது எண்டு கேக்கிறான். எனக்குப் பயமாக் கிடக்கு தம்பி" என்றார். அக்கா, உங்கள் பயம் நியாயமானது. அதற்கான பதிலை ஒரு வால்வின் வரலாற்றோடு சேர்த்துச் சொல்கிறேன்.

1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் இரவு ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசை கேட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. நான் சுற்றுவேன், ஐயா கேட்பார். என் கை சோர்ந்தால் செய்தி தேய்ந்துவிடும். எங்கள் பெட்டிக்குச் சில வோல்ற் போதும். ஆனால் சிற்றலையில் அந்தக் குரலைக் கடல் கடந்து அனுப்பிய நிலையங்களின் கடைசிப் படியில் எரிந்துகொண்டிருந்தவை பெரிய வால்வுகள். இது எனக்கு ஜேர்மனிக்கு வந்த பிறகுதான் தெரியும்.

சொல்லித் தந்தவர் எங்கள் கீழ்வீட்டில் இருந்த ஜேர்மன் முதியவர். போர் முடியும்போது அவர் பள்ளிக்கூடப் பெடியன். 1939 செப்டெம்பரில் ஹிட்லர் அரசு வெளிநாட்டு வானொலி கேட்பதையே குற்றமாக்கியது. 1945இல் தோல்வி வந்தது. அதன் பின் வானலையில் பேசுவதற்கு நேசநாடுகளின் தடை. மேற்கு ஜேர்மனியில் அமெச்சூர் வானொலிச் சட்டம் 1949 மார்ச் 14இல் வந்தது. மேற்கு ஜேர்மனிக் குடியரசு பிறந்தது அதே ஆண்டு மே மாதம். அதாவது அரசுக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. அந்த நாட்களில் புதுச் சாமான் வாங்க யாரிடமும் காசில்லை. போரில் மிஞ்சிய இராணுவக் கருவிகளைக் கழற்றி அதிலிருந்த வால்வுகளைக் கொண்டுதான் அனுப்பிகள் கட்டினார்கள். மற்றப் பக்கத்திலும் இதே கதைதான். 1930களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கொம்பனி வெளியிட்ட 807 என்ற வால்வு, பிரித்தானியத் தாங்கிகளின் 19ஆம் இலக்கக் கருவியிலும் இருந்தது. போர் முடிந்ததும் அது மலிவு விலையில் வீட்டு மேசைகளுக்கு வந்து சேர்ந்தது.

அந்த முதியவர் என் கையில் தந்த வால்வின் கதை இன்னும் சுவையானது. போர்க்காலத்தில் டெலிபுங்கன் கொம்பனி எல்.எஸ். 50 என்றொரு அனுப்பு வால்வைச் செய்தது. கண்ணாடிக் குழாய், தலையில் உலோகத் தொப்பி, பிடித்து இழுக்க ஒரு குமிழ். போருக்குப் பின் சோவியத் நாடு அதைப் பார்த்து அப்படியே செய்து, ஜி.யு. 50 என்று பெயர் வைத்தது. பல பத்தாண்டுகள் அது அங்கே உற்பத்தியானது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் களஞ்சியங்களில் கிடந்தவை ஜேர்மனியின் பழைய வானொலிச் சாமான் சந்தைகளுக்கு வந்தன. இங்கே பிறந்த வால்வு, ரஷ்ய எழுத்துப் பொறித்துக்கொண்டு திரும்பி வந்தது. "உன்னைப்போல இதுவும் வேறு கடதாசியோடு வந்திருக்கிறது" என்று சொல்லி முதியவர் சிரித்தார்.

இனி, தெரிவு. பெடியன்கள் முதலில் பார்ப்பது எத்தனை வாற் என்பதைத்தான். முதலில் பார்க்கவேண்டியது, நாளைக்கு இன்னொன்று கிடைக்குமா என்பது. வால்வு மட்டுமல்ல, அதன் தாங்கியும் கிடைக்கவேண்டும். அடுத்தது வெப்பம். ஜி.யு. 50இன் இழைக்கு 12.6 வோல்ற். அனோட்டுக்கு 1000 வோல்ற் வரை கொடுக்கலாம். அனோட் தாங்கும் வெப்பம் 40 வாற். நான்கைச் சேர்த்தால் 160 வாற். பெருக்கி தனக்குக் கிடைக்கும் மின்வலுவில் ஏறக்குறைய அறுபது வீதத்தை அன்ரெனாவுக்கு அனுப்பும், மிச்சம் நாற்பது வீதம் சூடாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 400 வாற் கொடுத்து 240 வாற் எடுக்கலாம். அதற்குமேல் ஆசைப்பட்டால் அனோட் சிவக்கும். 4சி.எக்ஸ். 250பி போன்ற சிறிய பீங்கான் வால்வு ஒன்றே 250 வாற் வெப்பம் தாங்கும். ஆனால் அதற்கு எப்போதும் பலமான காற்று ஊதவேண்டும். விசிறி நின்றால் வால்வு போய்விடும். முதன்முதலில் கட்டுபவருக்கு அது வேண்டாம்.

வால்வு சாவது பெரும்பாலும் வேலையால் அல்ல, கவனக்குறைவால். வருடக்கணக்கில் கிடந்த வால்வுக்குள் சிறிது வாயு சேர்ந்திருக்கும். உயர் வோல்ற் கொடுக்காமல் இழையை மட்டும் சில மணி நேரம் எரியவிடுங்கள். கண்ணாடியின் உள்ளே வெள்ளிபோல மின்னும் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது. அந்த வால்வை வாங்கவேண்டாம். ஒவ்வொரு முறையும் இழை சூடேற ஒரு நிமிடமாவது கொடுத்த பின்பே உயர் வோல்ற்றைப் போடுங்கள். அனோட்டுக்கு வோல்ற் இல்லாத நேரம் திரைக் கிறிட்டுக்கு வோல்ற் போகக்கூடாது. போனால் அனோட் எடுக்கவேண்டிய மின்னோட்டத்தை மெல்லிய கிறிட் எடுத்துக் கருகிவிடும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்படி இணையுங்கள். உயர் வோல்ற் வழியில் சில பத்து ஓம் கம்பித் தடை ஒன்றைப் போட்டால், உள்ளே பொறி பாயும்போது அது அடியைத் தாங்கும். அன்ரெனா இல்லாமல் இயக்கவே வேண்டாம்.

வால்வு போனால் சந்தையில் இன்னொன்று வாங்கலாம். ஆள் போனால்?

என் கதையைச் சொல்கிறேன். ஒருநாள் பிளக்கைக் கழற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, பெட்டியைத் திறந்தேன். கொள்ளளவிகளில் நிற்கும் மின்னை வடியவைக்கும் தடை எப்போதோ அறுந்திருந்தது; எனக்குத் தெரியாது. ஸ்குரூ டிரைவர் அனோட் வயரிலும் பெட்டியிலும் ஒருங்கே பட்டது. துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். ஸ்குரூ டிரைவரின் முனை உருகியிருந்தது. விரல் பட்டிருந்தால் இன்று இந்த உரை இல்லை. 50 மைக்ரோபரட் கொள்ளளவி 1000 வோல்ற்றில் 25 ஜூல் சக்தியைப் பிடித்து வைத்திருக்கும். உயிரை எடுக்க அது போதும். சத்தம் கேட்டு மேலே வந்த முதியவர் என்னைத் திட்டவில்லை. என் இடது கையைப் பிடித்து காற்சட்டைப் பைக்குள் வைத்தார். "வேலை செய்யும்போது இது இங்கேதான் இருக்கவேண்டும்" என்றார். ஒரு கையில் புகுந்து மறு கையால் வெளியேறும் மின்சாரம் இதயத்தைக் கடந்து போகும் என்பது அதன் காரணம்.

அன்றிலிருந்து என் பெருக்கியில் வடிதடை இரண்டு. திறந்தால் மின் அறும் ஆளி ஒன்று. வெளியே தெரியும்படி ஒரு வோல்ற்மானி. பிளாஸ்ரிக் தடியின் நுனியில் கொக்கி வைத்து, அதிலிருந்து தடித்த வயரைப் பெட்டியின் உலோகத்துக்கு இணைத்திருக்கிறேன். திறந்ததும் முதலில் அந்தத் தடி தொடும், பிறகுதான் கை. முதியவர் இப்போது இல்லை. அவர் தந்த நான்கு வால்வுகளும் இன்னும் எரிகின்றன.

அக்கா, மகனை மறிக்கவேண்டாம். உரிமம் இருக்கிறது, ஆசை இருக்கிறது, கட்டட்டும். தேவைக்கு மேல் இரண்டு வால்வு கூட வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஆனால் பெருக்கி கட்டுவதற்கு முன் அந்தத் தடியைச் செய்து உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகு வால்வுக்குக் காசு கொடுங்கள்.