ஐங்கதி

செம்பரம்பாக்கத்தை ஒட்டிச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் சற்று நேரம் நின்றால் போதும்; ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பிறந்த புத்தம்புதிய கார்களை அடுக்கி ஏற்றிய நீண்ட லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைக் காணலாம். அந்தக் கார்களின் ஆற்றலை இன்றும் நாம் குதிரைத்திறன் என்றே சொல்லுகிறோம். அதைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, குதிரை எப்படி நடக்கும்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது சரித்திரக் கேள்வி.

குதிரை மெல்ல நடக்கும்போது நான்கு கால்களும் தனித்தனியே மண்ணில் படும்; நான்கு ஒலி கேட்கும். விரைந்தால் பெரும்பாலான குதிரைகள் துள்ளோட்டத்துக்கு மாறிவிடும். ஒரு முன்னங்காலும் அதற்குக் குறுக்கேயுள்ள பின்னங்காலும் சேர்ந்து விழும், ஒலி இரண்டாகும், மேலிருப்பவர் தூக்கித் தூக்கிப் போடப்படுவார். ஆனால் சில இனக் குதிரைகள் வேகம் கூடியபோதும் நான்கு ஒலியை விடுவதில்லை. எந்நேரமும் ஒரு காலேனும் தரையில் இருப்பதால் முதுகு அசையாது. நிரம்பிய கிண்ணத்தை ஏந்திச் சென்றாலும் தளும்பாது. ராஜஸ்தானத்து மார்வாரிக் குதிரையும் குஜராத்தின் கத்தியவாரிக் குதிரையும் இத்தகைய நடைக்குப் பேர்பெற்றவை. அங்குள்ளோர் இதனை ரெவால் என்பர். ஐஸ்லாந்துக் குதிரைகளின் இத்தகைய நடைக்கு ஒரு மரபணு மாற்றம் துணை செய்கிறது என்று 2012-இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர்.

பிறப்பு மட்டும் போதுமா? போதாது. இளங்குதிரையை வாரக்கணக்கில் மெல்ல நடத்தியே பழக்கவேண்டும். வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நடை கலையப் போகிறது என்று தோன்றும் கணத்திலேயே தணிக்கவேண்டும். சவுக்கைக் கண்டு மிரண்ட குதிரை நடையை மறந்து ஓடத்தான் செய்யும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் போதித்ததும் ஏறக்குறைய இதுவே.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். கடல் வழியே குதிரைகள் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. நம் உரையாசிரியர்கள் குதிரைக்கு ஐந்து கதி, பதினெட்டுச் சாரி என்று வகுத்துரைத்தனர். கதி என்பது நடை. சாரி என்பது சுற்றிவரும் ஓட்டம். மயூரகதி, வானரகதி, மல்லகதி என்று மயிலையும் குரங்கையும் மல்லனையும் உவமையாக்கிப் பெயரிட்டனர். நூலுக்கு நூல் பட்டியல் சற்று மாறும். ஆயினும் குதிரையின் காலைக் கூர்ந்து நோக்காதவர் இப்பெயர்களைச் சூட்டியிருக்க முடியாது.

இதற்கு நேர்மாறான ஒரு சாட்சியும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டு மன்னர் ஒருவரே ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து வந்த குதிரைகள் அவை. பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் விலையையும் சொல்லுகிறார்: ஒன்றுக்கு 220 பொன் தினார், கடலில் இறந்துபோன குதிரைக்கும் அரசுக் கருவூலமே பணம் கொடுக்க வேண்டும்! வணிகருக்கு இதைவிட நல்ல ஒப்பந்தம் வாய்க்குமா?

நம்மவர்க்குக் குதிரை வளர்க்கத் தெரியவில்லை என்பது போலோவின் குற்றச்சாட்டு. சோற்றோடு வெந்த இறைச்சியைத் தீனியாக இட்டார்களாம். அதை முற்றும் மறுக்க நான் துணியமாட்டேன். ஆனால் அவரே மற்றொன்றும் சொல்லுகிறார்: குதிரை வைத்தியரை இங்கே வரவிடாமல் வணிகர்களே தடுத்தனர். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்? அறியாமை என்று அவர் எழுதியதில் பாதி, பிறர் திட்டமிட்டுக் காத்த அறியாமை. மறு பாதிக்கு நம் வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுப்பாக்கலாம். வறண்ட நாட்டு விலங்குக்குக் காயல் துறையின் காற்று எளிதில் ஒத்துவருமா?

1714-இல் ஆர்க்காட்டு நவாபுடன் பொருது மாண்ட செஞ்சித் தேசிங்குராசனை நீங்கள் அறிவீர்கள். டில்லியில் எவருக்கும் அடங்காத பாராசாரி என்னும் குதிரையை அவன் அடக்கினான் என்று நாட்டுக் கதைப்பாடல் பாடுகிறது. ஒரே நாளில் அடங்கிற்றாம்! வீரத்தைப் பாடுவோர்க்கு வாரக்கணக்கான பொறுமை எங்கே தெரியப்போகிறது? பயிற்றியவர்களின் பெயரைக் கல்வெட்டிலும் பாட்டிலும் தேடினால் அரிதாகவே கிடைக்கும்.

அத்தகைய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். என் சிறுவயதில் பூந்தமல்லியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்கு ஜட்கா வண்டியில் வருவோம். வண்டிக்கார முதியவர் பாதிக் கண்ணை மூடியபடியே ஓட்டுவார். ஒருநாள் திடீரென்று கடிவாளத்தை இழுத்து நிறுத்தினார். எங்களுக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. "பின் இடது கால், தம்பி. சத்தம் மாறுது" என்றார். இறங்கிப்போய்க் குளம்பைத் தூக்கி, லாடத்துக்கும் குளம்புக்கும் இடையே சிக்கியிருந்த சிறு கல்லை ஆணியால் நெம்பி எடுத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஐங்கதி என்ற சொல்லையும் அவர் கேட்டிருக்கமாட்டார்.