ஜிம்மி ராஜர்ஸும் கன்ட்ரி இசையின் கலப்புப் பிறப்பும்

அமெரிக்கக் கன்ட்ரி இசையை அப்பலாச்சிய மலைவாழ் வெள்ளையரின் கலப்பற்ற சொத்தாகக் கருதும் பார்வை இன்னும் ஓயவில்லை. அந்த இசையின் 'தந்தை' என்று போற்றப்படும் ஜிம்மி ராஜர்ஸின் (1897–1933) ஒலிப்பதிவுகள் முன் இக்கருத்து நிற்பதில்லை. 1920களின் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தவருக்கு ஒரு வரிசை, தென்மாநில வெள்ளையருக்கு ஒரு வரிசை என்று பிரித்து விற்றன. பிரிவினை கறாராக இருந்தது விற்பனைப் பட்டியலில்தான்.

ராஜர்ஸ் மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் நகரை ஒட்டி, ரயில்வேச் சூழலில் வளர்ந்தவர். தந்தை தண்டவாளப் பராமரிப்புக் குழுவின் மேஸ்திரி. அக்குழுவுக்குத் தண்ணீர் சுமந்த சிறுவனின் காதில் கறுப்பினத் தொழிலாளர்களின் வேலைப்பாட்டு விழுந்தது. பிறகு அவரும் ரயிலில் பிரேக்மேன் ஆனார். 1924இல் கண்டறியப்பட்ட காசநோய் அந்தப் பிழைப்பைக் கெடுத்தது, மிஞ்சியது பாட்டு.

1927 ஆகஸ்ட் 4. டென்னசி, வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில், தொப்பிக் கிடங்காக இருந்த கட்டடம் ஒன்றில் விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் ஒலிப்பதிவு நடத்திக்கொண்டிருந்தார். தட்டில் யார் பெயரைப் போடுவது என்ற சண்டையில் முதல் நாள்தான் ராஜர்ஸின் குழு உடைந்திருந்தது. அவர் கிதாரோடு தனியாக நின்று இரண்டு பாடல்கள் பாடினார். சண்டை நல்லதாகப் போயிற்று என்றே சொல்லவேண்டும்.

பியரின் வருமானம் பாடல்களின் பதிப்புரிமையிலிருந்து வந்தது. ஊரறிந்த பழம்பாடலுக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆகவே பழையதுபோல் ஒலிக்கும் புதுப்பாடல் வேண்டியிருந்தது. ராஜர்ஸின் மைத்துனி எல்ஸி மெக்வில்லியம்ஸ் அப்படிப் பல பாடல்களை ஆக்கித் தந்தார். இன்று 'மரபு' என்று கொண்டாடப்படுவதில் கணிசமான பகுதி இவ்வாறு தேவைக்கு விளைந்த புதுச்சரக்கு.

1927 நவம்பரில் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் பதிவான 'ப்ளூ யோடல்' அவரை நாடறியச் செய்தது. முதலடியை இருமுறை பாடி, அடுத்த அடியில் கருத்தை முடிக்கும் கட்டமைப்பு கறுப்பினத்தவரின் ப்ளூஸுக்கு உரியது. ஈற்றில் குரல் சட்டென்று கள்ளக்குரலுக்குத் தாவி இறங்கும் யோடலிங், ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலிருந்து மேடை நிகழ்ச்சிகள் வழியாக வந்தது. (நம் ரசிகர்களுக்கு ஜே.பி.சந்திரபாபு பழக்கிய அதே வித்தை.) இவ்வரிசையில் பதின்மூன்று பாடல்கள் வந்தன. ஒன்பதாவது 1930 ஜூலையில் ஹாலிவுட்டில் பதிவானது: டிரம்பெட் லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோ அவர் மனைவி லில். ராஜர்ஸின் அடிக்கு ஆம்ஸ்ட்ராங் மறுமொழி சொல்வதுபோலவே வாசிக்கிறார். தட்டின் முகப்பிலோ ஆம்ஸ்ட்ராங், லில் இருவர் பெயரும் இல்லை.

1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசிப் பதிவுகள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே கட்டிலில் படுத்து மூச்சுவாங்கிவிட்டு எழுந்து பாடினார். மே 26 அன்று 35 வயதில் இறந்தார். சடலம் ரயிலில் ஊர் திரும்பியது.

1961இல் கன்ட்ரி இசைப் புகழ்க்கூடம் முதலில் ஏற்ற மூவரில் அவர் ஒருவர். கறுப்பின ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃப், ராஜர்ஸைப்போல் யோடலிங் செய்ய முயன்று வராமல்போனதே தன் ஊளைக்குரலாயிற்று என்று சொல்லிவந்தார். 1950இல் கென்யாவில் ஹியூ டிரேசி பதிவுசெய்த கிப்சிகிஸ் பெண்களின் பாட்டில், 'செமிரோச்சா' என்று திரிந்த ஜிம்மி ராஜர்ஸின் பெயர் பாதி மனிதன், பாதி மான் ஆன ஓர் உருவத்தைக் குறிக்கிறது.