லோயிஸ் வெபரும் மௌனத் திரைப்படத்தின் வர்க்க எல்லைகளும்

ஹொலிவூட்டின் வரலாற்றைத் தனிமனித ஆற்றலின் வரலாறாக மட்டும் காண்போர்க்கு லோயிஸ் வெபரின் (1879–1939) எழுச்சியும் வீழ்ச்சியும் புதிராகவே தோன்றும். உற்பத்தி உறவுகளை ஆராய்வோர்க்கு அவ்வாறன்று.

பென்சில்வேனியாவிற் பிறந்த வெபர், மதத் தொண்டராகவும் மேடை நடிகையாகவும் இருந்து திரைக்கு வந்தவர். கதையெழுதி, நடித்து, நெறியாள்கையும் செய்தவர். 1916 அளவில் யுனிவேர்சல் நிறுவனத்தின் முதன்மை நெறியாளருள் ஒருவராக விளங்கிய அவர், 1917இல் தம் பெயரிலேயே நிறுவனம் அமைத்தார். திரைப்படத்தொழில் பெருமூலதனத்தின் முழுப்பிடிக்குள் வராத காலம் அது என்பது மனங்கொள்ளத்தக்கது.

‘ஷூஸ்’ (1916) படத்தின் கடைச்சிப்பந்திப் பெண், வாரம் 5 டொலர் கூலியிற் குடும்பத்தைத் தாங்குகிறாள். ஈற்றில் ஒருசோடி சப்பாத்துக்காகத் தன்னையே விற்க நேர்கிறது. சுரண்டலை இத்துணை நுணுக்கமாகக் காட்டிய வெபர், பழியின் பெரும்பகுதியைத் தந்தையின் சோம்பலிற் சுமத்துகிறார். கல்லூரி ஆசிரியரின் வறுமையைச் சித்திரிக்கும் ‘த புளொட்’ (1921) படத்திலும், விமோசனம் செல்வந்த மாணவனின் மனமாற்றத்திலேயே தங்கியுள்ளது. மத்தியதரவர்க்க மனிதாபிமானத்தின் எல்லை இதுவே.

1920களில் தயாரிப்பு, விநியோகம், திரையரங்கு ஆகிய மூன்றும் வங்கி மூலதனத்தின் துணையோடு பெருநிறுவனங்களிற் குவிந்தன. சுயாதீனத் தயாரிப்பாளர் நலிவுற்றனர். பெண் நெறியாளர் அருகினர். வெபரின் இறுதிப்படம் 1934இல் வெளிவந்தது. அவருடைய படங்களிற் பெரும்பாலானவை இன்று கிடைப்பதற்கில்லை.

செல்வரின் மனச்சாட்சியை நம்பியவரை மூலதனத்தின் தர்க்கம் ஒதுக்கிற்று. எனினும், கூலியுழைப்பின் துயரைத் திரையின் பொருளாக்கிய முன்னோடி என்ற இடம் அவருக்குரியது. அவர்தம் குறைபாடுகளை இனங்காணுதல் அவ்விடத்தை மறுப்பதாகாது.