போன பிறகு மேல்முறையீடு

"முதல்ல நாட்டை விட்டுப் போங்க, மேல்முறையீட்டை அப்புறம் பாக்கலாம்." 1987-ல் லண்டனுக்கு வந்து தஞ்சம் கேட்ட ஐந்து இலங்கைத் தமிழர்களுக்கு பிரிட்டன் சட்டம் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்.

1971-ஆம் வருடக் குடியேற்றச் சட்டப்படி, விசா இல்லாமல் வந்து திருப்பி அனுப்பப்படுகிறவருக்கும் மேல்முறையீட்டு உரிமை உண்டு. ஆனால் வெளிநாட்டில் இருந்துகொண்டுதான் செய்யணும். எந்த ஊருக்கு அனுப்பினால் ஆபத்து என்கிறாரோ, அந்த ஊரிலிருந்தே! உள்ளே இருக்கும்போது நீதிமன்றத்துக்குப் போகலாம்தான். ஆனால் அரசு எடுத்த முடிவு சட்டப்படி சரியா என்று மட்டுமே அங்கே பார்ப்பார்கள். இவர் சொல்வது உண்மையா, அங்கே இவருக்கு என்ன நடக்கும் என்று புதிதாக விசாரிக்க மாட்டார்கள்.

1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மனதில் நிஜமாகவே பயம் இருந்தால் மட்டும் போதாது, துன்புறுத்தப்பட நியாயமான அளவு வாய்ப்பும் இருக்கணும் என்றது. 1988 பிப்ரவரியில் ஐவரும் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள்.

அதன் பிறகுதான் மேல்முறையீடு. அவர்கள் இலங்கையில், விசாரணை பிரிட்டனில். 1989 மார்ச்சில் நடுவர் சொன்னார்: இவர்களின் பயத்துக்கு ஆதாரம் உண்டு, தஞ்சம் கொடுத்திருக்கணும், சீக்கிரம் திரும்ப அழைத்து வாருங்கள். அக்டோபரில் லண்டன் திரும்பினார்கள். இடையில் 20 மாதங்கள்.

"கடைசியில் ஜெயிச்சாங்களே, அப்போ முறை வேலை செஞ்சிருக்கே?" என்று கேட்கலாம். என் வேலையில் இதற்கு ரோல்பேக் என்று பெயர். தப்பான கோடு லைவில் போய்விட்டால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம். கோடுக்கு வலிக்காது. அந்த ஐவரில் மூன்று பேர் திரும்பிப் போன பிறகு துன்புறுத்தப்பட்டதாகச் சொல்லப்பட்டது. அதற்கு ரோல்பேக் கிடையாது.

ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் இது சொல்லப்பட்டது. ஆனாலும் அந்த நீதிமன்றம் 1991 அக்டோபரில் பிரிட்டன் மீது தப்பில்லை என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அனுப்பிய நேரத்தில், மற்ற இளம் தமிழர்களைவிட இவர்களுக்கு அதிக ஆபத்து இருந்ததாகத் தெரியவில்லையாம். அந்த நீதிமன்ற மறுஆய்வே போதுமான பரிகாரமாம்.

1993-ல் பிரிட்டன் சட்டத்தை மாற்றியது. தஞ்சம் மறுக்கப்பட்டவர்கள் நாட்டுக்குள் இருந்தபடியே மேல்முறையீடு செய்ய வழி வந்தது. விசாரணை நியாயமானதா என்று பார்க்கும்போது, உள்ளே என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எப்போது கேட்டார்கள் என்றும் பார்க்கணும். அந்த ஐவரின் வழக்கை ஒரு நடுவர் முழுசாகக் கேட்டார். ஒரு வருஷம் தாமதமாக.