கம்பளியும் சாக்கும்: கேமரன் மலைக் குளிரில் நம்மவர் உடுத்தியவை



பள்ளி விடுமுறை நெருங்கினால் பெற்றோரிடமிருந்து எனக்குத் தவறாமல் வரும் கேள்வி ஒன்றுண்டு. கேமரன் மலைக்குச் செல்கிறோம், பிள்ளைகளுக்கு என்ன உடை எடுத்து வைப்பது? பனிச்சறுக்கு விளையாடச் சுவிட்சர்லாந்துக்குப் புறப்படுவோரைப் போலக் கையுறை, காதுமூடி, தடித்த மேலங்கி எனப் பெட்டியை நிரப்பிக்கொண்டு மலையேறும் குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். கடற்கரைக்கு வந்ததுபோல் அரைக்கால் சட்டையோடு தானா ராத்தாவில் இறங்கி நடுங்கும் பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். இவ்விரு சாராருக்கும் விடை சொல்ல முனைந்தபோது எனக்குள் வேறொரு கேள்வி எழுந்தது. இம்மலையில் தேயிலை நட வந்த நம்மவர், பெட்டியும் இல்லாமல், மேலங்கியும் இல்லாமல், எதை உடுத்திக்கொண்டு குளிரைத் தாங்கினர்?

முதலில் குளிரின் அளவைப் பார்ப்போம். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே தாப்பாவில் வியர்த்து ஒழுகும் வேளையில் அங்கே ஒன்பது பாகை குறைவாக இருக்கும். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் கேமரன் மலையில் 7.8 பாகை பதிவானது. நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். ஐரோப்பியருக்கு இது குளிரே அன்று. ஆனால் தஞ்சைச் சமவெளியிலும் திருச்சிராப்பள்ளி வயல்வெளியிலும் பிறந்து, ஒற்றைப் பருத்தி வேட்டியோடும் சேலையோடும் கப்பலேறிய மக்களுக்கு?

இம்மலையின் வரலாற்றை எழுதுவோர் சில பெயர்களைத் தவறாமல் குறிப்பிடுவர். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் கண்டார். அதன் பின் நாற்பதாண்டுகள் காடு காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து, ஓய்விடத்துக்கும் பயிர்த்தொழிலுக்கும் ஏற்ற இடம் எனக் கண்டபின்னரே வேலைகள் தொடங்கின. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை 1931இல் நிறைவுற்றது. அதற்கு முன்னரே, 1929இல், ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். அவருக்குத் துணை நின்றவர் இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்ன். காட்டை வெட்டியவர்களின் பெயர்கள் மட்டும் நமக்குக் கிட்டவில்லை.

மில்ன் இலங்கையிலிருந்து வந்தவர் என்பது நம் பொருளுக்கு மிக வேண்டிய செய்தி. தமிழன் மலைக்குளிரில் உழைக்கக் கற்றது முதலில் அங்கேதான். காப்பித் தோட்டக் காலத்தில் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து சென்றவர்களில் பலர் வழியிலேயே மாண்டனர். மலையை எட்டியவர்களைக் குளிரும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வாட்டின. குளிரில் நடுங்கும் ஆளால் கொழுந்தும் பறிக்க இயலாது, மண்ணும் வெட்ட இயலாது என்பதைத் தோட்டத் துரைமார் விரைவில் உணர்ந்தனர். எனவே அரிசியோடு முரட்டுக் கம்பளியும் தோட்டத்தில் வழங்கப்பட்டது. ஆங்கிலேயர் கம்பளி என்ற நம் சொல்லையே தங்கள் கணக்கேடுகளில் எழுதிக்கொண்டனர். கருணையால் கொடுத்தார்கள் என எண்ணிவிட வேண்டா! அரிசியின் விலையைப் போலவே கம்பளியின் விலையும் தொழிலாளியின் பற்றில் எழுதப்பட்டுக் கூலியில் பிடிக்கப்பட்டது. குளிருக்குப் போர்த்திய துணியே கடனாகித் தோளில் அமர்ந்தது.

நம் மொழியில் போர்வையைப் பற்றிய மிகப் பெரிய கதை இதற்கு நேர்மாறானது. தோகை விரித்தாடிய மயில் குளிரால் நடுங்குகிறது எனக் கருதித் தன் போர்வையை ஈந்த பேகனை ஐந்தாம் ஆண்டு மாணவனும் அறிவான். பேகனும் ஒரு மலைநாட்டுத் தலைவனே. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையின் தொடக்கத்திலும் குளிர் வருகிறது. மழையில் நனைந்த கோவலர் கொள்ளியில் கை காய்ச்சிக் கன்னம் நடுங்க நிற்கின்றனர். நக்கீரர் கண்ட அக்காட்சியை வகுப்பில் விளக்கும்போது எனக்குத் தேயிலைத் தோட்டத்து விடியற்காலையே நினைவுக்கு வரும்.

மலாயாவின் பெரும்பாலான தமிழருக்குத் தோட்டம் என்றால் இரப்பர்த் தோட்டம். அங்கே உடையின் பகை கொசுவும் பால்கறையும். தேயிலையில் பகை நீர். காலையில் செடியெல்லாம் பனித்துளி. கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. கொழுந்து பறிப்பவர் இடுப்பளவு உயரமுள்ள செடிகளுக்கிடையே நுழைந்து செல்ல வேண்டும். கால் நாழிகைக்குள் சேலை தொடைவரை ஊறிவிடும். ஊறிய பருத்தி உடலின் சூட்டை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். கம்பளியோ நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். மலையேறுவோருக்கும் பனிச்சறுக்கு விளையாடுவோருக்கும் இன்று வல்லுநர்கள் சொல்லும் முதல் விதி, உடலோடு ஒட்டிய உடை பருத்தியாக இருத்தலாகாது என்பதே. நம் பெண்களிடம் இருந்ததோ பருத்தி மட்டுமே.

அவர்கள் கண்ட வழிதான் சாக்கு. அரிசியோ உரமோ வந்த கோணிச் சாக்கைப் பிரித்து, சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினர். இலங்கை மலையகத்தில் இதற்குப் படங்கு என்பர். செடியின் நீரும் முள்போன்ற காய்ந்த கிளையும் முதலில் சாக்கைத்தான் தொடும். தலையில் துணியை நான்காக மடித்து வைத்து அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டினால் நெற்றியும் நோகாது, காதும் குளிராது. மேலுக்கு ஆண்களின் பழைய சட்டை அல்லது கோட்டு. சேலையின்மேல் கோட்டணிந்த பாட்டிமாரை நீலகிரியிலும் மூணாற்றிலும் காணலாம், நம் மலையிலும் காணலாம். வேடிக்கையான கோலம் எனச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது அறிவின் கோலமாகவே படுகிறது. மூன்றடுக்கு உடை என்று இன்று கடைகளில் பெரும்பணம் கொடுத்து வாங்குவதைத்தான், உள்ளே ஒன்று, சூட்டுக்கு ஒன்று, நீரைத் தடுக்க ஒன்று என, அவர்கள் கிடைத்ததைக் கொண்டு அமைத்துக்கொண்டனர். காலுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அட்டைகளுக்கு அது நல்ல வேட்டை.

வாங்கி உடுத்தியிருக்கலாமே என்று கேட்பீராயின் கூலியைப் பாருங்கள். 1920களின் பிற்பகுதியில் அரசு வகுத்த தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு தொழிலாளி உண்பதற்கும் உடுப்பதற்கும் என்ன செலவாகும் எனப் பட்டியலிட்டு வகுத்த கூலி அது. உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்ததும் 1930இல் அதுவும் 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. கேமரன் மலையில் தேயிலை வேர்விட்ட ஆண்டுகள் இவையே. பின்னர் சப்பானியர் ஆட்சியில் நாடு முழுவதும் துணிப் பஞ்சம் ஏற்பட்டது. சமவெளியில் இருந்தவர்களும் அப்போது சாக்கையே உடையாக உடுத்தினர்.

இதே மலையில் இதே குளிர் வேறொரு சாராருக்கு விலைகொடுத்து வாங்கும் பண்டமாக இருந்தது. சமவெளியின் வெக்கையிலிருந்து தப்பிக் கணப்படுப்பின் முன் கம்பளிச் சட்டையோடு அமர்வதற்காகவே வெள்ளையர் மலையேறினர். 1934இல் ஆன் கிரிஃபித் ஜோன்ஸ் அம்மையார் ஐரோப்பியக் குழந்தைகளுக்காக இங்கு உறைவிடப் பள்ளி தொடங்கினார். குளிர்ந்த காற்று பிள்ளைகளின் கன்னத்தைச் சிவக்க வைக்கும் என்பது அக்காலப் பெற்றோரின் நம்பிக்கை. சில கல் தொலைவில் லயத்து வீடுகளில் நம் குழந்தைகளும் அதே காற்றைத்தான் சுவாசித்தனர். அவர்களை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய்மார் இருட்டோடு பிரட்டுக்குப் போயினர். நனைந்த சேலையை அடுப்புக்கு மேல் கயிறு கட்டிக் காயவைத்து, புகைநாற்றத்தோடு மறுநாள் அதையே உடுத்திய கதையை மலைத்தோட்டத்துப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்று தேயிலைச் சரிவுகளில் பணியாற்றுவோரில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மிகுதி. இருவர் பிடித்துச் செல்லும் வெட்டுப்பொறிகளும் வந்துவிட்டன. கோணிச் சாக்கின் இடத்தில் நெகிழித்தாள், வெறுங்காலின் இடத்தில் இரப்பர் பூட்ஸ். பகை மட்டும் மாறவில்லை, அதே நீர்தான்.

ஆகவே பெற்றோர்களே, தடித்த மேலங்கியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரு குளிர்சட்டை, நல்ல மழைச்சட்டை, கூடுதலாக இரண்டு இணைக் காலுறை, மாற்றுக் காற்சட்டை ஒன்று. இவை போதும். பண்டல் கடையில் வாங்கிய பழைய கம்பளிச் சட்டையே நன்று. பிள்ளை நனைந்துவிட்டால் உடனே மாற்றுங்கள். நனையாத பிள்ளைக்கு 16 பாகை ஒரு பொருட்டே அன்று.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கலைவிழா மேடைகளில் கொழுந்து பறிக்கும் நடனத்துக்குப் பளபளக்கும் சேலையும் பூவும் கூடையும் அணிவிக்கிறோம். அடுத்த முறை சேலைக்கு மேல் ஒரு சாக்கையும் கட்டுங்கள். சாக்கின் மேல்விளிம்பை இரண்டு விரற்கடை மடித்து, மடிப்புக்குள் சணல் கயிற்றை நுழைத்து, முடிச்சை இடப்பக்கம் போட வேண்டும். குனியும்போது முடிச்சு வயிற்றில் உறுத்தாதாம். இதையும் ஒரு பாட்டிதான் சொல்லித் தந்தார்.