நெட்டையனுக்கு எதைப் பழக்குவது?

எங்கள் ஹொஸ்டல் அறையில் நாலு பேர் சேர்ந்து ஒரு கூடைப்பந்து ரீம் வைத்திருக்கிறோம். உண்மையான ரீம் இல்லை, பஸர்பீட்டர் என்ற இணைய விளையாட்டில். அதில் நாங்கள் பந்தைத் தொடுவதே கிடையாது. ஆட்களை வாங்கலாம், விற்கலாம், யார் எங்கே ஆடுவது என்று சொல்லலாம். எல்லாவற்றிலும் பெரிய முடிவு, பயிற்சி. வாரத்துக்கு ஒரு திறனைத்தான் பழக்கலாம். பாஸிங் என்று போட்டால் எறிதல், ரிபவுண்ட், தடுப்பு எல்லாம் அந்த வாரம் சும்மா கிடக்கும். பழகுபவன் அந்தத் திறனுக்குரிய இடத்தில் மட்ச் ஆடியிருக்கவும் வேண்டும்.

சண்டை தொடங்கியது 18 வயதுப் பெடியன் ஒருவனால். ஏழடிக்கு ஒரு அங்குலம்தான் குறைவு. விளையாட்டின் கணக்குப்படி உயரமானவன் ரிங்குக்குக் கிட்ட ஆடும் திறன்களை வேகமாகப் பிடிப்பான், பாஸிங்கும் பந்தைக் கொண்டுபோவதும் மெதுவாகத்தான் ஏறும். எங்களில் ஒருவர் "இவனுக்குப் பாஸிங் பழக்குவம்" என்றார். அப்படியென்றால் அவனைப் போயின்ற் கார்டாக இறக்கி, வாரக்கணக்கில் மட்சுகளைத் தோற்க வேண்டும்.

"விசரா உனக்கு? நெட்டையனைப் பிடிச்சு ஆர் பந்து கொண்டுபோக விடுவான்?"

இந்தக் கேள்வி எங்கள் அறையில் பிறந்ததல்ல. கூடைப்பந்தின் வரலாறு முழுக்க யாரோ ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதி, பீச் பழக்கூடை இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்மாடத்தில் மாட்டினார். உயரமானவன் வந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்த விதிகளில் பதில் இல்லை. பிறகு வந்த பல பயிற்சியாளர்களுக்கு நெட்டையன் என்றால் ஒரு வேலைக்குத்தான் ஆள். அப்போது ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடுவில் பந்தை மேலே எறிந்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவார்கள், பாய்ந்து தட்டிவிட ஒருவன் வேண்டும். 1937இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு வேலைக்காகவே பழக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தப் புத்தகமும் அதிகம் கவலைப்படவில்லை.

ஜோர்ஜ் மைக்கனின் கதை இங்கேதான் வருகிறது. 6 அடி 10 அங்குலம், கண்ணில் தடித்த கண்ணாடி, கால் தடுக்கும் நடை. நொட்டர்டேம் பல்கலைக்கழகம் இவன் சரிவரமாட்டான் என்று திருப்பி அனுப்பியது. 1942இல் சிக்காகோவின் டிபோல் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் ரே மெயர் அவரைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததும் எறியப் பழக்கினார் என்று நினைப்போம். அது மட்டுமில்லை. கயிறு அடிக்க வைத்தார், நிழலோடு குத்துச்சண்டை போட வைத்தார், ஒரு மாணவியைக் கொண்டு நடனமும் பழக்கினார். காலை முதலில் சரிப்படுத்துவது, கை பிறகு என்பது கணக்கு. அதோடு ரிங்குக்குக் கீழே நின்று வலக்கையாலும் இடக்கையாலும் மாறி மாறி நூற்றுக்கணக்கில் எறிதல். எங்கள் பள்ளிக்கூடங்களில் செய்யவிடும் 'மைக்கன் ட்ரில்' அதுதான். பெயர் தெரியாமலே பல பேர் செய்திருப்போம்.

பழகிய மைக்கனை நிறுத்த ஏலாமல் போனபோது விதியை மாற்றினார்கள். கூடைக்குள் இறங்கும் பந்தைத் தட்டக்கூடாது என்று 1944இல் கல்லூரி ஆட்டத்தில் தடை வந்தது. மைக்கனும் இன்னொரு நெட்டையரான பொப் கேர்லண்டும்தான் காரணம். 1951இல் என்பிஏ ரிங்குக்கு முன்னாலுள்ள கட்டத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலமாக்கி அவரைத் தள்ளி நிற்க வைத்தது. அதற்கு முதல் வருடம், 1950 நவம்பர் 22இல், ஃபோர்ட் வேய்ன் பிஸ்ரன்ஸ் பந்தை எறியாமலே வைத்துக்கொண்டு நின்று மைக்கனின் மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதும் அன்றைக்கு ஒரு திறன்! 1954இல் 24 செக்கன் கடிகாரம் வந்தது, அந்தத் திறன் செத்தது.

எங்களுக்கு மிகவும் பிடித்த திருப்பம் 1967இல் நடக்கிறது. என்பிஏக்குப் போட்டியாகத் தொடங்கிய ஏபிஏ லீக்கின் முதல் ஆணையாளர் மைக்கன். ரிங்குக்குக் கீழே வாழ்ந்த அதே மனிதர், தன் லீக்கில் மூன்று புள்ளிக் கோட்டைப் போட்டார். என்பிஏ 1979இல்தான் அதை ஏற்றது. முதல் பருவத்தில் ஒரு ரீம் ஒரு மட்சுக்குச் சராசரியாக 3 தடவைகூட அங்கிருந்து எறியவில்லை. கோடு தரையில் இருந்தது, பழகியவன் இல்லை. 2018-19 பருவத்தில் அது 32 தடவை. இடையில் 40 வருசம்.

பெண்களின் கதை இன்னும் மோசம். 1892இல் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் மைதானத்தை மூன்றாகப் பிரித்தார், தன் பகுதியை விட்டு யாரும் போகக்கூடாது. பின்னாளில் ஆறு பேர் ஆட்டத்தில் மைதானம் இரண்டு பாதி: மூன்று பேர் எறிய மட்டும், மூன்று பேர் தடுக்க மட்டும். அயோவா மாநிலப் பாடசாலைகளில் 1993 வரை இது நடந்தது. தடுப்பாளியாக ஆடிய பிள்ளை மட்சில் ஒருதடவைகூட எறியாமல் படிப்பை முடித்துப் போகலாம். தொலைவில் நடந்த கதை என்று தள்ளவும் ஏலாது. எங்கள் தங்கச்சிமார் பள்ளியில் ஆடும் வலைப்பந்தாட்டம் கூடைப்பந்திலிருந்து பிரிந்த கிளை. அதில் இன்றைக்கும் ஏழு பேரில் இரண்டு பேருக்குத்தான் எறிய அனுமதி.

டிர்க் நொவிட்ஸ்கியைச் சொல்லாமல் முடிக்க ஏலாது. ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் பெடியன், வளர்ந்து ஏழடி ஆனவர். தொண்ணூறுகளின் நடுவில் அவரைக் கண்ட ஹொல்கர் கெஷ்விண்ட்னர், 1972 ஒலிம்பிக்கில் மேற்கு ஜேர்மனிக்கு ஆடியவர், கணிதமும் பௌதிகமும் படித்தவர். ரிங்குக்குக் கீழே நின்று இடிபடப் பழக்குவதை விட்டுவிட்டு, எந்தக் கோணத்தில் பந்து போனால் பிழைக்கும் இடம் கூட என்று கணக்குப் போட்டு எறியப் பழக்கினார். சாக்ஸபோன் வாசிக்கவும் சொன்னார். 1998இல் டலஸுக்குப் போன நொவிட்ஸ்கி 2006இல் மூன்று புள்ளி எறியும் போட்டியையே வென்றார், 2011இல் கிண்ணத்தையும்.

இதைக் காட்டி எங்கள் சண்டையை முடித்துவிடலாம் என்று நினைத்தோம். முடியவில்லை. இப்படிப் பழக்கித் தோற்றுப்போன நெட்டையர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது, வென்றவர் மட்டும் கதையில் நிற்கிறார். அது நியாயமான மறுப்பு.

அப்போதுதான் பாஸிங் என்று சொன்னவர் தன் கதையைச் சொன்னார். தரம் 9இல் அவர்தான் வகுப்பிலேயே உயரம். வெளியிலிருந்து எறியப் போனால் கோச் விசில் அடிப்பார், "நீ உள்ளுக்குப் போ". மூன்று வருசம் ரிபவுண்ட் மட்டும். தரம் 10க்குப் பிறகு அவர் வளரவில்லை. உயர்தரம் வந்தபோது மற்றவர்கள் அவரைத் தாண்டிவிட்டார்கள். உள்ளுக்கு நிற்க உயரம் இல்லை, வெளியில் நிற்க ஒன்றும் பழக்கியிருக்கவில்லை. இரண்டாம் வருடத்தில் ரீமில் பெயரே வரவில்லையாம். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை.

வாக்கெடுப்பு வைத்தோம், மூன்றுக்கு ஒன்று. போன சனிக்கிழமை எங்கள் ஏழடிப் பெடியன் போயின்ற் கார்டாக 48 நிமிடமும் ஆடி, கண்டபாட்டுக்குப் பந்தைப் பறிகொடுத்தான். வடிவாகத் தோற்றோம். அடுத்த வாரத்துக்கும் பாஸிங் என்றே போட்டிருக்கிறோம்.