மதில் தடுக்காத எதிரி

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு ஞாயித்துக்கிழமை செஞ்சிக்குப் போயிருந்தேன். கோட்டைன்னா எல்லாரும் ராஜா தேசிங்கு கதை பேசுவாங்க. எனக்கென்னவோ ராஜகிரி அடிவாரத்து நெற்களஞ்சியம்தான் பிடிக்கும். 1690-ல் தொடங்கி 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையை மடக்கப் பார்த்தது. வெறும் மதிலை வச்சுக்கிட்டு அத்தனை வருஷம் தாங்க முடியுமா? உள்ளே சோறு இருக்கணும் இல்லையா?

அந்த யோசனையோடயே சித்தப்பா கொல்லைக்குப் போனேன். மக்காச்சோளம் போட்டிருக்கார். "இந்த இலையப் பாருடா" என்றார். கீழ் இலைகளில் நீள நீளமாகப் பழுப்புத் திட்டு. இலைக்கருகல். "பத்து நாளா வெயிலே இல்ல. மருந்தடிச்சா மழை கழுவிட்டுப் போயிடுது."

இந்தப் பூசணத்தின் வித்து எங்கிருந்தோ புதுசாக வருவதில்லை. போன பட்டத்துத் தட்டையிலேயே கிடக்கும். இலை சில மணி நேரம் ஈரமாவே இருந்து, காத்து வெதுவெதுப்பாவும் இருந்தால் முளைத்து உள்ளே நுழையும். அப்புறம் காத்தும் மழைச் சாரலும் அடுத்த செடிக்குக் கொண்டு போகும். நல்லா நாலு நாள் காய்ந்தால் அடங்கிவிடும். எதிரி எப்பவும் வாசலில்தான் நிற்கிறான், கதவைத் திறந்துவிடுவது வானிலை.

இதே பைப்போலாரிஸ் இனத்துப் பூசணம் ஒன்று நெல்லில் செம்புள்ளி நோயைக் கொண்டுவரும். 1942-ல் வங்காளத்தில் நெல் பூக்கிற சமயத்தில் மழையும் மேகமூட்டமுமாக இருந்தது. அக்டோபரில் புயலும் அடித்தது. செம்புள்ளி வயல் வயலாகப் பரவியது. அடுத்த வருஷம் பஞ்சம், 20 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். பயிர்நோய் அறிஞர் பத்மநாபன் 1973-ல் எழுதிய கட்டுரையில் இந்த நோயை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னார். அமர்த்தியா சென் 1981-ல், அரிசி அவ்வளவு குறைந்துவிடவில்லை, வாங்கும் சக்தி போனதுதான் கொன்றது என்றார். என் சிற்றறிவுக்கு எட்டிய வரை, பூசணம் விளைச்சலை அழிக்கும்; ஆனால் பட்டினி போடுவது மனுஷன்தான்.

மக்காச்சோளத்துக்கே வந்த பெரிய அடி 1970-ல், அமெரிக்காவில். ஆண்பூவைக் கையால் ஒடிக்கிற கூலி மிச்சம் என்று, பெரும்பாலான வீரிய விதைகளை 'டெக்சாஸ்' என்ற ஒரே தாய்வழியில் உருவாக்கியிருந்தார்கள். அந்த வழியை மட்டும் குறிவைத்துத் தாக்கும் ஒரு ரகப் பூசணம் கிளம்பியது. வெக்கையும் ஈரமுமான அந்தக் கோடையில் தெற்கிலிருந்து வடக்கே காத்தோடு பரவி, நாட்டின் மொத்த விளைச்சலில் சுமார் 15 சதவீதத்தைத் தின்றுவிட்டது. மழை அதற்கு முன்னாலும் பெய்திருக்கிறது. இந்த முறை எல்லாக் கொல்லைக்கும் ஒரே பூட்டு, கள்ளச்சாவியும் ஒன்றே போதும் :-)

செஞ்சியைக் கட்டினவர்கள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூணு மலையில் கட்டினார்கள். ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும்.

சித்தப்பாகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "தட்டைய மடக்கி உழுதுட்டு, அடுத்த பட்டம் பாதிக்கு மல்லாட்டை போடறேன். மீதியிலயும் வேற ரகமா பாக்கணும்" என்றார். மேற்கே மறுபடியும் கருத்துக்கொண்டு வந்தது.